உயிரோடு இருப்பவரின் படம்

எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. அதுவும் முகம் தெரியாத ஒருவர், "அன்புடையீர்" என்று ஆரம்பித்து என் வேலையில் குற்றம் சொன்னால், அன்றைக்குச் சோறு இறங்காது. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுவது என் பிழைப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் மலைப்பக்கத்து விஷயங்களை எழுதுவேன். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும்.

அப்படித்தான் பெரியம்மாவைப் பற்றி எழுதினேன். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரத்த உறவு இல்லை, ஆனாலும் பெரியம்மாதான். முன்பெல்லாம் பொழுது சாய்ந்ததும் எஸ்டேட் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிரசவ வலியோ நெஞ்சுவலியோ, சாவிக்காக மேனேஜர் பங்களாவுக்கு ஓட வேண்டும். ஒருநாள் பெரியம்மா மேனேஜரின் ஜீப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும். கேட்டுக்குப் பூட்டுப் போடுவது அன்றோடு நின்றது. அதைப் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். தலைமுடி பறக்க, வாய் திறந்து கத்தியபடி நிற்கும் பெரியம்மாவை இப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் படம் வந்த பத்திரிகைத் துண்டை என் போனில் படம் பிடித்துக் கட்டுரையில் ஏற்றினேன். யார் எடுத்த படம் என்று கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டேன். என் போன், என் கை, பிறகு யார் எடுத்தார்களாம்? இரண்டே நாளில் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி ஒருவர் வந்துவிட்டார். செய்தித்தாளைப் படம் பிடித்தால் அது என்னுடையது ஆகாது, எடுத்தவருக்கும் பத்திரிகைக்கும்தான் உரிமை என்றார். சரி, தப்புத்தான். உரிமையுள்ள படத்தையும் தக்க காரணம் காட்டி, சிறிதாக்கிப் போடலாம், அதற்கு நியாயப் பயன்பாடு என்று பெயர் எனப் படித்தேன். காரணம் எழுதி மறுபடி ஏற்றினேன். அவரும் மறுபடி வந்தார்.

"அன்புடையீர், வேறு படம் கிடைக்க வழியே இல்லாதபோதுதான் இந்த விதி பொருந்தும். இவர் உயிரோடு இருக்கிறார். நீங்களே புதிதாக ஒன்று எடுக்கலாமே. ஒரு வாரத்தில் இதை நீக்கிவிடுவோம்."

போனை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன்.

"அந்தக் கதையே வேண்டாம்லே," என்றார். "முன்பல்லு போயிருச்சு. முட்டியில துணி சுத்தியிருக்கேன். இந்தக் கோலத்தைப் போட்டா, இவளா ஜீப்பை மறிச்சவன்னு சிரிப்பானுவ. அந்தப் படந்தான் நான். அது இருந்தா இருக்கட்டும், இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. மேலே பாறையில் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும். அந்த முட்டியோடு தினமும் அந்தப் பாறையில் ஏறி, படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் பில்லைத் தப்புத் தப்பாகப் போட்டேன். நிர்வாகிக்கு மூன்று பக்கம் எழுதினேன், கெஞ்சினேன், கடைசியில் சண்டையும் போட்டேன். ஆறாம் நாள் மதியம் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார்: "இறந்தவர் என்றால் பரிசீலிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துக் காட்டணுமா? அப்படியென்றால் சாகட்டும்! கட்டுரையைத் திறந்து, பிறந்த வருஷத்துக்குப் பக்கத்தில் இந்த வருஷத்தைப் போட்டேன். "வாழ்ந்து வருகிறார்" என்பதை "வாழ்ந்தார்" ஆக்கினேன். இறந்துவிட்டதால் புதிய படம் எடுக்க இயலாது என்று காரணத்தையும் எழுதினேன். படத்தின் மேலிருந்த நீக்கல் அறிவிப்பு சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் லயத்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. "ஏ அக்கா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று அலறிக்கொண்டு இறங்கினார் பெரியம்மாவின் தம்பி, கம்பத்து மாமா. பின்னாலேயே அவர் மனைவியும் மருமகளும் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். மாமா கையில் மாலையும் ஒரு புதுச் சேலையும். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருடா செத்தது?" என்றார்.

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மருமகள்தான் போனை நீட்டினாள். கட்டுரை வந்த புதிதில் பெருமைக்கு அவளுக்கு அனுப்பியது நானேதான். "இதுல போட்டிருந்துச்சு பெரியம்மா. போன் போட்டோம், போகல. ரேஞ்ச் இல்லாத ஊரு, சொல்லிவிட வழியில்லாம கிடக்காகன்னு கிளம்பி வந்துட்டோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். படம், விதி, வாரம், எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன்.

"ஒரு படத்துக்காக எங்கக்காவச் சாகடிச்சியா? நீ யாருடா?" என்று மாமா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கம்பத்திலிருந்து மலையேறும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த மனிதர். அடித்திருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பெரியம்மா பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "அந்தச் சேலையைக் குடு," என்றார் தம்பியிடம்.

"அக்கா, இது கோடி."

கோடி என்றால், ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடம்பின்மேல் போர்த்தக் கொண்டுவருவது. அதைத் திருப்பி எடுத்துப்போக மாட்டார்கள்.

"தெரியுதுடா. வாசல் வரைக்கும் வந்ததைத் திருப்பியா அனுப்புவாங்க? செத்தப்புறம் போத்துனா எனக்கென்ன தெரியப் போவுது? குடு."

உள்ளே போனவர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சந்தனக் கலர்ச் சேலை. சுவரைப் பிடிக்காமல், லயத்துப் பாதையின் நடுவில் போய் நின்றார்.

"ஏலே, எடு. செத்தவ படமா வச்சிருக்காதே. இருக்கிறவளை எடு."

எடுத்தேன். கண்ணீரில் முதல் இரண்டும் கலங்கலாக விழுந்தன. அன்றைக்கே பாறையில் ஏறி, பொய்யை அழித்து, மன்னிப்பு எழுதி, புதுப் படத்தை ஏற்றினேன். பழைய படத்தை நீக்கிவிட்டார்கள். எனக்கும் ஒரு மாதம் எழுதத் தடை. இப்போது அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள், தம்பி கொண்டுவந்த கோடியைக் கட்டிக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கும் பெரியம்மாவைத்தான் பார்க்கிறார்கள்.