ஈரத்துணிக்கு அடியில் மாவு

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தபோது மாஸ்டருக்கு முதலில் கோணியது வாய். அது நேராகிவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த காலும் தெருமுனை வரை போய்த் திரும்பும் அளவுக்குத் தேறியது. வலது கைதான் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் மடங்கும், எதையும் இறுக்கிப் பிடிக்காது. சூடும் குளிர்ச்சியும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் கையை நம்பித்தான் குடும்பமே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே ஓட்டலில் தந்தூரி 'நான்' ரொட்டி போட்டவர். மாவை உள்ளங்கைகளில் தட்டி, தணல் கனலும் மண் அடுப்புக்குள் முழங்கை வரை விட்டு, சுவரில் அறைந்துவிட்டு வெளியே எடுப்பார். தணலில் பொசுங்கி அந்தக் கையில் ஒரு முடி கிடையாது. ஓட்டலில் கூப்பிட்ட 'மாஸ்டர்' தெருவுக்கும் வந்தது. கேலியாகச் சொல்ல ஆரம்பித்த மனைவிக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது.

அவள் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள். 'உனக்கென்னடி, தினம் விருந்து' என்பார்கள் அக்கம்பக்கத்தில். அவளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கடை சாத்தும்போது மிஞ்சியது. காகிதத்தில் சுற்றி வந்து, காலையில் செருப்புத் தோல் மாதிரி விறைத்துக் கிடக்கும். டீயில் தோய்த்துப் பல்லால் இழுத்துத் தின்பாள். "சூடா ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்றால், "வீட்லயுமா அடுப்பு?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஓட்டல் முதலாளி ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "வீட்ல போட்டுப் பழகுங்க மாஸ்டர். பதம் கைக்கு வந்துட்டா ஒரு ஃபோன் போடுங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் வேற ஆள் போடாம பார்க்கிறேன்."

மறுநாளே மைதா வந்தது. தயிர், வெதுவெதுப்பான பால், உப்பு, துளி சர்க்கரை, சிட்டிகை சோடா. மண் அடுப்பு இல்லாத வீட்டில் ரொட்டியின் ஒரு பக்கத்தில் தண்ணீர் தடவி, அந்தப் பக்கத்தைச் சூடான தவாவில் ஒட்டி, தவாவையே தலைகீழாகத் தீயில் காட்ட வேண்டும். அவளிடம் இருந்தது ஒட்டாத தவா. முதல் ரொட்டி நேராக அடுப்பில் விழுந்து கருகியது.

"இது தவா இல்லம்மா, வழுக்குப்பாறை!"

"உங்களை மாதிரிதான். எதையும் பிடிச்சுக்க மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் சிரித்துவிட்டார். அவள் பரணில் ஏறிப் பழைய இரும்புத் தவாவை எடுத்து, தேவைக்கு மேல் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்பில் ரொட்டி ஒட்டியது. ஆனால் வட்டமாக வெந்த அட்டை போலத்தான் வந்தது. குறை எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கை மட்டும் பிசைய, வலது கை மாவுக்குள் விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது. "நான் பிசையட்டா?" என்றதற்கு ஒரு முறை முறைத்தார். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு, காலுக்குப் பயிற்சி என்று தெருமுனைக்கு நடக்கப் போவார். மூடினால் மூடினதுதான், யாரும் திறக்கக் கூடாது. அது ஓட்டலில் அவர் போட்ட சட்டம்.

ஐந்தாவது நாள் அவர் தலை மறைந்ததும் அவள் துணியைத் தூக்கினாள். மாவு கட்டி கட்டியாகக் கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு, உள்ளங்கை அடியால் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். காதுமடல் பதம் வந்ததும் உருட்டி, அதே துணியால் மூடினாள்.

அன்றைக்கு ரொட்டி குமிழ் விட்டுப் பூத்தது. பிய்த்தால் பஞ்சாய் வந்தது.

"பார்த்தியா? பார்த்தியா? வந்துடுச்சு!" வலது கையை இடது கையால் பிடித்துக் குலுக்கினார், பரீட்சையில் தேறியவனை வாழ்த்துவது போல. "எங்கிட்டயே சண்டித்தனம் பண்ணுச்சுல்ல!"

மாஸ்டரின் மனைவி மெத்தென்ற ரொட்டியைச் சூடாகத் தின்றது அன்றைக்குத்தான். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஒருநாள் சந்தோஷப்பட்டுப் போகட்டும் என்றுதான் செய்தாள். மறுநாள் நிறுத்தினால் அந்த முகம் என்னவாகும்? மறுநாளும் பிசைந்தாள். பத்து நாள் இப்படிப் போனது. பதினோராவது நாள் அவளுக்குத் தெரியாமல் ஃபோன் போட்டுவிட்டார்.

"சனிக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. நானே பிசைஞ்சு, நானே போட்டுக் காட்டணும். அந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வை."

"இன்னும் ஒரு வாரம் பழகிட்டுப் போனா என்னவாம்?"

"ஏன், என் கை மேல நம்பிக்கை இல்லையா?"

சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டான் ஓட்டலில் பரிமாறுகிறவன். வலது கையில் விரல் முதல் முழங்கை வரை கட்டு. அவர் உள்ளே போக, அவன் வாசலிலேயே குரலைத் தாழ்த்தினான்.

"மாவு சேரவே இல்ல அண்ணி. சுவர்ல ஒட்டினதெல்லாம் தணல்ல விழுந்துச்சு. நாலாவது ரொட்டிக்குக் கையை உள்ள விட்டவர் எடுக்கவே இல்ல. நாங்க கத்தின பிறகுதான் அவருக்கே தெரிஞ்சுது."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"திங்கக்கிழமை வேற ஆள் வர்றாராம்."

மாஸ்டர் உள்ளே மைதா டப்பாவை இழுத்தார்.

"அங்க மாவே சரியில்ல. தண்ணியும் உப்பு. வீட்ல வர்ற பதம் அங்க வராம எங்க போகும்? சாயங்காலம் போட்டு எடுத்துட்டுப் போறேன். தின்னு பார்க்கட்டும்." ஒரு கையால் பிசைந்து, துணியால் மூடினார். "தொடாத" என்று சொல்லிவிட்டு நடக்கப் போனார்.

அவள் பழக்கதோஷத்தில் கையைக் கழுவிவிட்டிருந்தாள். துணியைத் தூக்கினாள். இன்றைக்குப் பிசைந்தால் ரொட்டி பூக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போவார். இன்னொரு தடவை என்று கெஞ்சி, அந்தக் கையை மறுபடி அந்த அடுப்புக்குள் விடுவார். கழுவிய கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. துணியை இருந்தபடியே போட்டு மூடினாள்.

ரொட்டி அட்டையாக வந்தது. அவர் ஒரு ஓரத்தைக் கடித்தார். வரவில்லை. ஈரத்துணியையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதானா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"அஞ்சாவது நாள்லேர்ந்து."

"நல்லாத்தான் பிசைஞ்சிருக்க." இடது கையால் வலது கையைத் தூக்கி, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கடித்துக்கொண்டிருந்த ரொட்டியைப் பார்த்தார். "கீழ போடு அதை. தோல் மாதிரி இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தானே தின்னேன்" என்று அவள் இன்னொரு துண்டைப் பல்லால் இழுத்தாள். "டீ போடட்டா? தோய்ச்சுக்கலாம்."