பதினோரு ஆடும் ஒரு கேஸ் ஷீட்டும்

மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்தால் ஊசி போடக் கை பழகுவதற்கு முன்பே, நோயாளி சொல்வதைக் கேட்காமலிருக்கக் காது பழகிவிடும். என்னைப் போல வெள்ளைக் கோட்டு மாட்டிய சிஸ்டர்களே, இல்லையென்று சொல்லாதீர்கள்.

கோயிலுக்குப் போறோம்

எங்கள் பக்கத்தில் யாரையும் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிக் கூட்டி வருவதில்லை. திருச்சுழி கோயிலுக்கு என்றுதான் சொல்வார்கள். நரிக்குடிப் பக்கத்திலிருந்து பாண்டியம்மாளை அவருடைய தம்பி அப்படித்தான் காரில் ஏற்றி வந்தார். புருஷன் இல்லாதவர், நாற்பது வயது, ஆடு வளர்த்துப் பிழைப்பவர். பத்து நாளாகத் தூங்காமல், இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தாராம். நோய் உண்மைதான்.

கேட்டைப் பார்த்ததும் காரைவிட்டு இறங்க மறுத்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அவர் சார்பில் பேச யார் வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் தம்பியிடம் கேட்டு எழுதினேன். நெற்றியில் திருநீறும் கையில் தேங்காய்ப் பையுமாக நின்றவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கோயிலுன்னு சொன்னாகளே, சாமி எங்கருக்கு சிஸ்டர்?"

வலது காதுல குறி

மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவாகவே பேசினார். "பதினோரு ஆடு கெடக்கு. ரெண்டு சினை. எல்லாத்துக்கும் வலது காதுல வெட்டுக்குறி போட்ருக்கேன். தம்பி வித்துருவான். பக்கத்து வீட்டு செல்விக்கு ஒரு போனு போட்டுக் குடுங்க."

நான் பாளையம்பட்டியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஆட்டுக் காதை வெட்டுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. இதுவும் நோய்தான் என்று நினைத்தேன். போன் பேச நோயாளிக்கு உரிமை உண்டு என்று சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதே ஆணியில் நகைக்கடை காலண்டரை மாட்டி அதை மறைத்தவளும் நான்தான். யாரிடமும் பேச விடாதீர்கள் என்று தம்பி சொல்லிவிட்டுப் போனதே எனக்குச் சட்டமாகிவிட்டது. கேஸ் ஷீட்டில் 'உறவினர்மீது ஆதாரமற்ற சந்தேகம்' என்று எழுதினேன். டாக்டர் என் எழுத்தை நம்பி மாத்திரையைக் கூட்டினார். மறுநாள் நாக்குத் தடித்துக் குழற, பாண்டியம்மாள் சொன்னார்: "சந்தேகம்னு எழுதாதீக சிஸ்டர். ஆடுன்னு எழுதுங்க."

ஆப்பிள் பை

பத்தாம் நாள் தம்பி ஆப்பிளோடு வந்தார். பேச்சுவாக்கில், "ஆட்டையெல்லாம் யார் பார்த்துக்கிறாங்க?" என்றேன். "வித்தாச்சு" என்றார். அதையும் ஒரு வேடிக்கை போலச் சொன்னார்: "வியாபாரி காதுக்குறியப் பாத்துட்டு, இது பாண்டியம்மா ஆடாச்சேன்னு கேட்டான். அக்காவுக்குப் புத்தி சரியில்லன்னேன், பேசாம வண்டியில ஏத்திக்கிட்டான்."

அடித்தல் திருத்தல்

காலண்டரைக் கழற்றினேன். சட்டத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் பாண்டியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். படிவத்தில் தம்பி பெயரை மாற்றி செல்வி பெயரை எழுதச் சொன்னார். தன்னை இங்கே வைத்திருப்பது சரியா என்று பார்க்கச் சொல்லி மறுஆய்வு வாரியத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவில் கையெழுத்தும் போட்டார். வாரியத்து ஆட்கள் வந்து ஒரு மணி நேரம் அவரிடம் பேசினார்கள். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று முடிவானது.

செல்வி கூட்டிப்போக வந்த அன்று, கேஸ் ஷீட்டில் நான் எழுதியதை அடித்துவிட்டுக் கீழே 'நோயாளி சொன்னது உண்மை' என்று எழுதி அவரிடம் காட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இத மூணாம் நாளே எழுதியிருந்தீகன்னா, இந்நேரம் ரெண்டும் குட்டி போட்ருக்கும் சிஸ்டர்."

நாங்கள் கொடுத்த மருந்து நன்றாகவே வேலை செய்து, காலியான ஆட்டுக் கொட்டிலைத் தெளிந்த புத்தியோடு பார்க்கும்படி அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம் என்பதுதான் எங்கள் வார்டின் சாதனை.