இருட்டில் இடம் மாறுகிறவர்கள்

ஜனவரி 9. கண் மருத்துவர்: 800.
ஜனவரி 22. முதியோர் இல்லத்தில் அறைக்கு முன்பணம், மகன் கட்டியது: 40,000.
ஜனவரி 30. கண்ணாடிக் குவளை மூன்று, உடைந்தவற்றுக்குப் பதில்: 270.
பிப்ரவரி 11. பம்பரம், முதல் நாள்: 1,500; மறுநாள் திரும்பி வந்தது.
பிப்ரவரி 12. முழங்காலுக்குக் களிம்பு, கட்டுத்துணி: 145.
பிப்ரவரி 14. பம்பரம், இரண்டாம் நாள்: வாங்க மறுத்துவிட்டார்.

இந்தக் கணக்கில் வரும் பம்பரம் ஒரு பெண். மேடை ஆட்டக் குழு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மூன்றாம் வரிசையில் ஆடியவர். கூட ஆடியவர்கள் வைத்த பெயர் அது. இப்போது வயது ஐம்பத்து மூன்று. இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். மற்றவர்கள் வீட்டில் நாற்காலி, மேசை, அலமாரிகளை எங்கே வைப்பது என்று பார்த்து வைத்துக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் வீட்டில் அவர் செய்ததை நேரில் கண்டவன் என்பதால் எழுதி வைக்கிறேன். எழுபத்து நான்கு வயதுக்குள் நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

என் மனைவிக்கு இரண்டு ஆண்டுகளாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனி வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும் என்று ஜனவரியில் மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவள் எழுந்து நடந்தால் ஏதாவது ஒன்று விழும், அல்லது அவள் விழுவாள். மகன் வந்து இரண்டு நாள் பார்த்தான். ஊர் திரும்புவதற்குள் முதியோர் இல்லத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு அறை பிடித்துவிட்டான். அவன் மேல் தவறு சொல்ல மாட்டேன். பயந்துவிட்டான்.

மனைவி தொலைபேசியில் அவனிடம் பேரம் பேசினாள்.

"மார்ச் பதினாறாம் தேதி நீ வருவேல்ல? அன்னிக்கு நானே டீ போட்டு, நானே நடந்து வந்து, உன் முன்னாடி வைக்கறேன். கொட்டாம வெச்சா நான் இங்கதான் இருப்பேன். கொட்டிட்டா நீ சொல்ற இடத்துக்கு வாயைத் திறக்காம வர்றேன்."

"என்னம்மா, பந்தயமா இது?"

"பந்தயம்தான்டா. நீ நடக்கக் கத்துக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கிட்ட. நான் அவசரப்படுத்தினேனா?"

அவன் சிரித்துவிட்டான். அதனால் ஒப்புக்கொண்டதாகவும் ஆயிற்று.

நான் என் அறிவுக்கு எட்டியபடி எல்லாச் சாமான்களையும் சுவரோரம் தள்ளினேன். வழியில் ஒன்றும் இல்லை என்றால் எதில் மோதுவாள்? கூடம் மைதானம் போல ஆயிற்று. மனைவி நான்கு அடி வைத்துவிட்டு நடுவில் நின்றாள். கைகள் இரண்டும் காற்றைத் துழாவின.

"என்னங்க, நடு ஆத்துல விட்ட மாதிரி இருக்கு. கரை எந்தப் பக்கம்?"

பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் பம்பரத்தைப் பற்றிச் சொன்னார். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் வேலை செய்தாராம். கடையின் ஒரு மூலையில் மாதிரி அறை அமைத்துக் காட்டுவது அவர் பொறுப்பு. அந்த அறைக்குள் போனவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். வாங்கவும் மாட்டார்கள், எழுந்திருக்கவும் மாட்டார்கள். "இது கடையா, சத்திரமா?" என்று முதலாளி கத்தினாராம். பிறகு அவர்களே மறுநாள் வந்து அறையில் இருந்த மொத்தச் சாமானையும் வாங்கிப் போனதும், அந்த வாய் அடங்கியதாம்.

பிப்ரவரி 11 காலையில் பம்பரம் வந்தார். தொளதொளத்த பருத்திச் சட்டை, வெறுங்கால். அளவு நாடா கொண்டுவரவில்லை. கூடத்தையும் சமையலறையையும் சுற்றிப் பார்த்தவர், என்னிடம் ஒன்று கேட்டார்.

"ஐயா, இந்த நாற்காலியில என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவேன்."

"அதுக்கு முன்னாடி?"

எனக்கு விளங்கவில்லை.

"அதுக்கு முன்னாடி அது பக்கத்துல வருவீங்க. கையை வைப்பீங்க. திரும்புவீங்க. அப்புறம்தான் உக்காருவீங்க. எல்லாரும் உக்கார்றதுக்கு மட்டும் இடம் விடறாங்க. வர்றதுக்கும் திரும்பறதுக்கும் யாரும் விடறதில்ல. ஆடறவங்களுக்கு அதுதான் முக்கால்வாசி வேலை."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டு ஆடத் தொடங்கினார். பாட்டு இல்லை, தாளம் இல்லை. சமையலறை வாசலிலிருந்து கூடத்தின் ஜன்னல் வரை. இழுபடும் அந்தக் கால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு கை நீளும், நின்ற இடத்தில் உடல் திரும்பும், கால் விரல் தரையைத் தடவும். கை நீண்ட இடத்தில் ஒரு நாற்காலியும், திரும்பிய இடத்தில் அலமாரியும், கால் தடவிய இடத்தில் ஒரு விரிப்புமாக நானும் தையல்காரரும் கொண்டுபோய் வைத்தோம். பிறகு அவர் கண்ணைத் திறக்காமலே சமையலறைக்கும் கூடத்துக்கும் தண்ணீர் போல ஓடி வந்தார். தையல்காரர் கைதட்டினார்.

மாலையில் மனைவி நடந்தாள். முதல் நாற்காலி அகப்பட்டது. அடுத்ததற்குக் கையை நீட்டினாள். அகப்படவில்லை. இன்னும் எட்டி நீட்டினாள். மேசை முனை முழங்காலில் இடிக்க, அப்படியே விழுந்தாள்.

நான் தூக்கப் போனேன். பம்பரம் எனக்கு முன்பே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பார்த்தார், என் மனைவியின் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மனைவியைவிட அவர் ஒரு சாண் உயரம்.

"நான் எனக்கு ஒரு வீடு வெச்சிட்டேன்மா. உங்க வீட்டுல."

மறுநாள் பம்பரம் தையல்காரர் கையில் கூலியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனைவி முழங்காலில் கட்டோடு படுத்திருந்தாள்.

"போய்க் கூட்டிட்டு வாங்க. விழுந்தது நான். நானே கோவிச்சுக்கல, அவளுக்கு என்ன கோவம்?"

பதின்மூன்றாம் தேதி அவர் இருக்கும் இடத்துக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. ஊரார் வீட்டையெல்லாம் நிரப்பித் தருகிறவரின் அறையில் சுவரோரம் ஒரு கட்டிலும் தண்ணீர்க் கூஜாவும் தவிர ஒன்றும் இல்லை. தேய்ந்து பளபளத்த தரை மட்டும் இருந்தது.

"என்னம்மா, உங்க வீட்டுல சாமானே இல்லையே?"

"நான் இன்னும் ஆடிட்டுதானே இருக்கேன், ஐயா. எங்க நிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் வாங்குவேன்."

காலைப் பற்றி அன்றுதான் சொன்னார். மேடையில் ஒரு காட்சி முடிந்ததும் விளக்கு முழுவதும் அணையும். அந்த இருட்டில் முப்பது பேர் அடுத்த காட்சிக்கு இடம் மாற வேண்டும். யாரும் யாரையும் தொடக் கூடாது, சத்தம் கூடாது. தரையில் ஒட்டிய துணிப்பட்டையைக் கால் விரலால் கண்டுபிடிப்பார்கள். முன்னால் போகிறவளின் மூச்சைக் கேட்பார்கள். அணைந்த விளக்கின் சூடு எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்ப்பார்கள். மறுபடி வெளிச்சம் வரும்போது ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் சிரித்தபடி நிற்க வேண்டும். ஒரு நாள் அந்த வழியில் யாரோ ஒரு மரப்பெட்டியை வைத்துவிட்டார்கள். பம்பரத்தின் கணுக்கால் எலும்பு இரண்டாயிற்று.

"நின்னீங்களா?"

"எப்படி நிக்கறது? பின்னாடி எட்டுப் பேர் வர்றாங்க. நான் நின்னா எல்லாரும் விழுவாங்க. போய் என் இடத்துல நின்னேன். வெளிச்சம் வந்துச்சு. சிரிச்சேன்."

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் தவறியதைச் சொல்வது போலச் சொன்னார்.

"இருட்டுல போறவங்களுக்கு வழி வைக்கறது எனக்குத் தெரியும்னு திமிர், ஐயா. எங்க குழுவுல உயரமா ஒருத்தி இருந்தா. அவ போனப்புறம் குட்டையா ஒருத்தி வந்தா. பழைய இடத்துலயே அவளை நிக்க வெச்சோம். தினமும் பிந்துவா, தினமும் திட்டு வாங்குவா. பட்டையை எடுத்து அவ காலுக்குத் தகுந்த மாதிரி ஒட்டினதும் ஒரே நாள்ல சரியாப் போச்சு. அது தெரிஞ்சும் உங்க வீட்டுல நான் ஆடிட்டேன். ஆட வேண்டியது அவங்க."

பதினான்காம் தேதி கூடத்திலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். வெறுந்தரை. பம்பரம் மனைவியின் எதிரில் நின்று தன் முன்கைகளை நீட்டினார்.

"என் கை மேல கையை வைங்கம்மா. பிடிக்க வேண்டாம். நீங்க போற பக்கம் நான் வர்றேன்."

"எனக்கு ஆடத் தெரியாதும்மா. கல்யாணத்துலகூட நான் உக்காந்தே இருந்தவ."

"இன்னிக்கு உக்கார நாற்காலி இல்ல."

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு ஒரு அடி வைத்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அவள் நடையை நான் கவனித்ததில்லை என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். அவள் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புகிறாள். திரும்புவதற்கு முன் வலது கை தானாக இடுப்பு உயரத்துக்கு எழுந்து எதையோ தேடுகிறது. கூடத்தில் பாதி தூரம் வந்ததும், ஜன்னல் வெயில் முகத்தில் படுகிற இடத்தில், ஒரு மூச்சு நிற்கிறாள். பம்பரம் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் எங்கே சாய்ந்தாளோ அங்கே சாய்ந்தார், எங்கே தயங்கினாளோ அங்கே தயங்கினார். மெல்ல மெல்ல என் மனைவியின் தோள் இறங்கியது. கண் மங்கிய நாளிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள் அது. வாசலில் நின்ற தையல்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. எல்லாம் அவள் வலக்கைப் பக்கம், இடுப்பு உயரத்தில். அலமாரி சுவரை விட்டுச் சாய்வாக நின்றது. சோபா வாசலுக்கு முதுகைக் காட்டியது. திரும்பும் இடங்களில் மட்டும் சொரசொரப்பான சிறு விரிப்புகள். வெயில் படும் இடத்தில், அவள் மூச்சு விடும் இடத்தில், உயரமான முதுகுள்ள ஒரு நாற்காலி.

"மேசை அறை நடுவுல வந்து நிக்குதே. பாக்க ஒரு மாதிரியா இல்ல?" என்றேன்.

"பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். எனக்கென்ன?" என்றாள் மனைவி.

உண்மையில் பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. சுவரோரம் வரிசையில் நின்றபோது அந்தச் சாமான்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல இருந்தன. இப்போது ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பது போல இருந்தன. நான் கூடத்தைக் கடந்தபோது என் கையும் தானாக ஒரு நாற்காலியிலிருந்து அடுத்ததற்குப் போயிற்று. கண் தெரிந்த என்னையும் அந்த அறை நடத்திச் சென்றது.

கூலியை நீட்டினேன். "முதல் தடவை விழ வெச்சதுக்கு இது கழிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு மாதம், இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து மனைவி நடப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தார். மனைவியின் கை காற்றில் நின்றது. அவளும் நின்றுவிட்டாள்.

"நிக்கக் கூடாதும்மா. கூட ஆடறவ இடம் தப்பினா அவளைத் தேடக் கூடாது. அடுத்த இடத்துக்குப் போயிடணும். அது அங்கதான் இருக்கும்."

"அதுவும் இல்லன்னா?"

"வீட்டுக்காரர் என்னத்துக்கு இருக்கார்?"

மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மகனும் மருமகளும் பதினோரு மணிக்கு வந்தார்கள். மனைவி கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, டீயை ப்ளாஸ்க்கில் ஊற்றி மூடினாள். குவளைகளை முன்பே கூடத்து மேசையில் வைத்திருந்தாள். ப்ளாஸ்க்கை இடது கையில் எடுத்துக்கொண்டாள். வலது கை வழிக்கு.

அவள் சமையலறை வாசலில் தோன்றியபோதுதான் நான் கவனித்தேன். மருமகள் கணவன் அருகே உட்காரலாம் என்று வெயில் பட்ட அந்த உயரமான நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பேச வாயெடுத்தேன். பேசினால் பந்தயம் போய்விடும். மூடிக்கொண்டேன்.

மனைவி முதல் நாற்காலியைத் தொட்டாள். அலமாரியைத் தொட்டாள். இடப்பக்கம் திரும்பினாள். கால் விரிப்பைத் தடவியது. வெயில் முகத்தில் பட்டது. வலது கை எழுந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

மகன் பாதி எழுந்துவிட்டான்.

அவள் நிற்கவில்லை. அந்தக் கை காற்றிலேயே ஒரு வளைவு எடுத்து இறங்கியது, மேடையில் அப்படித்தான் இறங்க வேண்டும் என்று யாரோ வகுத்து வைத்தது போல. அடுத்த அடி வைத்தாள். அடுத்ததும் வைத்தாள். கை மேசை விளிம்பில் வந்து படிந்தது.

"என் நாற்காலியில யாரோ உக்காந்திருக்கீங்க. மருமகளா? நல்லா உக்காரும்மா, வெயில் இதமா இருக்கும்" என்றாள். குவளையின் விளிம்பை விரலால் கண்டு, டீயை ஊற்றி, மகன் முன்னால் தள்ளி வைத்தாள்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை. மகன் குவளையை எடுக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள்தான் முதலில் பேசினாள்.

"அத்தை, இவர் உள்ள வந்ததுலேருந்து ஒவ்வொரு நாற்காலியையும் தொட்டுக்கிட்டே வந்தார். எப்பவும் எதிலயாவது இடிச்சுக்கற ஆள்."

"அப்போ அவனுக்கும் பாதி கண்ணு வந்துடுச்சு" என்றாள் மனைவி. "டீ ஆறுது, குடிக்கச் சொல்லு."

குடித்து முடித்த பிறகு, அறை வேண்டாம் என்று இல்லத்துக்கு எழுதிவிடுவதாக மகன் சொன்னான்.

அன்று மாலை பம்பரத்திடம் சொல்லப் போனேன். அவர் அறையில் இல்லை. மூளையில் ரத்தம் உறைந்து ஒரு பக்கம் விளங்காமல் போன லாரி ஓட்டுநர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார். தேடிப் போய் ஜன்னல் வழியே பார்த்தேன். வெற்று அறையில் அந்தப் பெரிய மனிதரின் கை பம்பரத்தின் முன்கை மேல் இருந்தது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பம்பரம் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

முதியோர் இல்லத்திலிருந்து அதற்குப் பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. மகனின் கடிதம் போய்ச் சேரும் முன்பே, அறை தயார், எப்போது வருகிறீர்கள் என்று முதலாவது. காரணம் கேட்டு இரண்டாவது. "டீ கொட்டல, அதான் காரணம்னு எழுதுங்க" என்றாள் மனைவி. அப்படியே எழுதிப் போட்டேன். அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன கடைசிக் கடிதம் வந்த நாள் ஏப்ரல் 17.