வைட்ஃபீல்டில் எனக்குக் கேட்காத சத்தம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். பெங்களூரில் இருக்கும் என் தங்கை ஜெயாவைக் கூட்டி வரப் போனேன். வைட்ஃபீல்டில் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். முந்தின நாள் போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பா நான் ஊட்டினாலே கத்துது. நான் கிள்றேன்னு மேடம் நினைக்கிறாங்க. வந்து கூட்டிட்டுப் போ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். "வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். அதைத் தாண்டி அத்திபெலேயில் இறங்கினேன். இட்லி நாற்பது ரூபாய். கடைக்காரர் எனக்குத் தமிழில் கணக்குச் சொன்னார், பக்கத்து ஆளைக் கன்னடத்தில் திட்டினார். சர்ஜாப்பூர் வழியாக இன்னொரு பஸ். முப்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மீதித் தூரம் ஆட்டோ. ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டு நூறுக்கு இறங்கினார்.

சிக்னலில் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள். நான் முப்பது வருஷம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் இருந்தவன். எனக்கே காது வலித்தது. ஆட்டோக்காரர் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் அடிக்கிறாங்க" என்றேன்.

"எனக்கு இதெல்லாம் கேக்கறதே இல்லண்ணா. ஆனா வீட்டுக்காரி மெதுவா 'என்னங்க'ன்னா ரெண்டு ரோடு தாண்டிக் கேக்கும்."

"பயமா?"

"பின்ன, லவ்வா?"

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பார்ட்மென்ட் கேட்டில் என்னைப் போட்டோ எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். எட்டாவது மாடி. வீட்டுக்கார அம்மாவே கதவைத் திறந்தார். ஜெயாவின் பை வாசலிலேயே தயாராக இருந்தது.

"உக்காருங்கண்ணா. ஜெயா மேல கோவம் இல்ல. ஒரு வருஷம் நல்லாத்தான் பாத்துக்கிட்டா. இந்த ஒரு மாசமா அவ கிச்சன்ல உக்காந்து ஊட்டினாலே பாப்பா வீல்னு கத்தறா. நான் வாங்கிட்டு ஹாலுக்கு வந்தா நிறுத்திடறா. நான் என்ன நினைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

பார்த்தால் நல்ல பெண்ணாகத்தான் இருந்தார். எனக்கு டீ கொடுத்தார்.

"கடைசியா ஒரு வாய் ஊட்டிட்டுக் கிளம்பறேன் மேடம்" என்று ஜெயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டீ கிளாஸோடு நானும் போனேன். ஒன்றரை வயதுக் குழந்தை. உள்ளே நுழைந்ததுமே முகம் கோணியது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வீறிட்டது.

"என்னடி தங்கம், நான் என்னடி பண்ணேன்?" என்றாள் ஜெயா.

நான் வாங்கிப் பார்த்தேன். என்னிடமும் அதே அழுகை.

"உன்கிட்டயும் அழுவுதேண்ணா!" ஜெயாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"என் மூஞ்சிக்கு அழலைன்னாத்தான் அதிசயம்."

அப்போது மூத்த பெண் தியா தண்ணீர் எடுக்க வந்தாள். ஒன்பது வயது இருக்கும். ஒரு காதைத் தோளில் அழுத்தி, இன்னொரு காதில் விரலை விட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தாள்.

"தங்கச்சி சத்தம் தாங்கலையா?" என்று கேட்டேன்.

"அவ இல்ல அங்கிள். இந்த ஈஈன்னு கத்துதே, இது."

காலால் காட்டினாள். பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, பச்சை விளக்கோடு. எலி விரட்டுகிற மிஷின் என்றாள் ஜெயா. போன மாதம் வாங்கியதாம். எலிக்கு மட்டும்தான் கேட்கும், மனிதருக்குக் கேட்காது என்று அட்டையில் போட்டிருந்ததாம்.

குனிந்து காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. ஜெயாவும் வைத்தாள். அவளுக்கும் ஒன்றும் இல்லை. மேடம் வந்து முட்டி போட்டுக் கேட்டார்.

"தியா, சும்மா சொல்லாத."

"அம்மா, கத்துதும்மா!"

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"எல்லாருக்கும் கேக்குதுன்னு நினைச்சேன். நீங்கல்லாம் பொறுத்துக்கிறீங்களேன்னு நானும் பொறுத்துக்கிட்டேன்."

நான் சுவிட்சை அணைத்தேன். அழுகை பாதியில் நின்றது. விக்கல் ஒன்று வந்தது. குழந்தை ஜெயாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தது. மேடம் மறுபடி போட்டார். வீறிட்டது. அணைத்தார். நின்றது.

போனில் தேடிப் படித்தார். "ரொம்பக் கீச்சான சத்தம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கேக்குமாம். வயசாக வயசாகப் போயிடுமாம். எனக்கு முப்பத்தாறுலயே போயிடுச்சு பாருங்க."

பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். "ஜெயா..." என்றார்.

"சோறு ஆறுது மேடம்" என்றாள் ஜெயா.

குழந்தை முழுக் கிண்ணத்தையும் தின்றுவிட்டு அவள் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. மேடம் வாசலுக்குப் போய், பையைத் தானே உள்ளே இழுத்து வந்தார்.

"எலி வந்தா?" என்று கேட்டாள் தியா. "பூனை வாங்கலாமா?"

"நீ சும்மா இரு."

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஜெயா லிப்ட் வரை வந்தாள்.

"அண்ணா, நான் கிள்ளலைன்னு நீயாவது நம்பினியா?"

"நம்பினேன்."

"போன்ல சொல்லவே இல்லியே."

"அதைப் போய்ச் சொல்லணுமா?"

"சொல்லணும்ணா. சொல்லாதது எனக்கு எப்படிக் கேக்கும்?"

எங்கள் ஊரில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டறையில் ரம்பம் ஓடும்போது சொன்னாலும் கேட்காது. கத்தினால்தான் உண்டு. எனக்குப் பேசத் தெரிந்தது அந்தக் குரலில்தான்.

"நீ கிள்ள மாட்டே ஜெயா. எனக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஜெயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லிப்ட் வந்தது, ஏறினேன்.