அவித்த முட்டையின் மேல் அடை

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரம்தான் ஜெயசுதாவின் வீடு. ஆடுகளை விற்றபின் காலியாய்க் கிடந்த கொட்டகையில் ஆறு வருஷமாகக் காக்டெயில் கிளி வளர்க்கிறாள். நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை. அதை வளர்த்தால் வனத்துறைக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். இது தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்பொட்டும் வைத்த வெளிநாட்டுக் கிளி. தின்ன, வெள்ளிமலைத் தினை. குஞ்சுகளைக் கள்ளக்குறிச்சி வியாபாரி தீனதயாளன் எடுத்துப்போவான்.

இருக்கிறதிலேயே சாம்பல் பெட்டைதான் கெட்டிக்காரி. ஒரே வருஷத்தில் மூன்று ஈடு முட்டை போட்டு மூன்றையும் பொரித்தது. மூன்றாம் ஈட்டின் கடைசி முட்டை ஓடில்லாத தோல்முட்டையாய்ப் பாதி வழியில் நின்றுகொண்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஜெயசுதா அதை மடியில் வைத்து, விளக்கெண்ணெய் தடவி, வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தாள். ஒருவழியாய் முட்டை விழுந்தது. அடுத்த தடவை உயிரும் சேர்ந்து போகும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதே வருஷம் ஐப்பசியில் பெட்டை நான்காம் ஈட்டைத் தொடங்கியது. சேதி தெரிந்து தீனதயாளன் தெர்மாகோல் பெட்டியில் குஞ்சு பொரிக்கும் மெஷினோடு வந்து இறங்கினான்.

“முட்டைய எடுத்து இதுல வைங்கக்கா. அடியில ஒண்ணுமில்லன்னா பத்து நாள்ல மறுபடி போட்டுடும். வருஷம் பூரா போட்டுக்கினே இருக்கும்.”

“உன் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்து எத்தினி மாசம் ஆவுது தீனா?”

“ஏழு மாசம்கா.”

“அடுத்தது எப்போ?”

அவன் மெஷினின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். “வச்சிட்டுப் போறேன். யோசிங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

யோசிக்க என்ன இருக்கிறது. முட்டையை எடுத்தால் மறுபடி போடும். விட்டால் பொரித்து, குஞ்சுகளுக்கு ஊட்டி ஊட்டியே தேய்ந்துபோகும். ஜெயசுதா இரண்டையும் செய்யவில்லை. ஒவ்வொரு முட்டையையும் விழுந்த அன்றே, உள்ளே உயிர் ஓடுவதற்கு முன் எடுத்து அவித்தாள். ஆறவைத்துத் திரும்பவும் கூண்டிலிருந்த முட்டைப் பெட்டியில் வைத்தாள். பெட்டை நம்பி உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கும்வரை புதுசாய்ப் போடாது.

ஒருநாள் மேற்கே மலைப்பக்கம் இடி உறுமியது. மாமியார் சாலம்மாள் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியுமாய்க் கொட்டகைக்கு ஓடினாள். அடைக்கோழிக் கூடையில் அவற்றைப் போட்டால் இடிக்கு முட்டை கூழாகாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோழிக்கு உள்ளது கிளிக்கும்தானே.

“அவிச்ச முட்டைய இடி இன்னா பண்ணும் அத்தை?” என்றாள் ஜெயசுதா.

சாலம்மாள் ஆணியோடு நின்றுவிட்டாள். “அடை முட்டைய அவிச்சியா? வம்சம் கருகிப்பூடும்டி.”

“நாலாவது பொறந்தப்ப ரத்தம் போயி நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அஞ்சாவது பையனா பொறக்கும்னு அங்கியே வந்து சொன்னீங்க. நான் ஆப்ரேஷன் பண்ணிக்கினு வூட்டுக்கு வந்தேன். அன்னிக்கும் இதே வம்சம்தான் கருகும்னீங்க. நாலு பொண்ணும் ஜாஸ்தியாவே தின்னுக்கினு நல்லாத்தான் கீதுங்க.”

சாலம்மாள் கரியையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு போனாள். ஆனாலும் கிளிக்குத் தினையைக் கல் போகப் புடைத்து வைத்தாள்.

அடைக்கு உட்கார்ந்த இருபத்திரண்டாம் நாள் பெட்டை தானாக எழுந்து வெளியே வந்தது. இனி பொரிக்காது என்று அதற்கே தெரிந்திருக்கும். ஜெயசுதா முட்டைப் பெட்டியைக் கழற்றினாள். சேவல் கிளியை வேறு கூண்டுக்கு மாற்றினாள். முட்டையோடு போன சுண்ணாம்புச் சத்து திரும்ப, பெட்டைக்கு முன்னால் கடல்நுரை ஓடு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். அது கொறிக்க ஆரம்பித்தது.

குஞ்சு எடுக்க வந்த தீனதயாளன் காலி மெஷினைப் பார்த்தான். “இப்டிப் பண்ணா இனிமே உங்க கிளி எனக்கு வேணாம்கா.”

“வேணாம்னா போ. சித்திரை வரைக்கும் அது சும்மா உக்காந்து தின்னும். நான் தீனி போடுவேன். மெஷின பாத்து ஏத்து, ஒயரு தொங்குது.”