அம்சத்தின் சேற்றுப்புண்

அம்சம் என் அம்மா. மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தவர். அப்பா தங்கையன் இறந்த பிறகு பதினோரு ஆண்டுகள் தனியாகவே செய்தார். வரப்பு வெட்டினார், நாற்றுப் பறித்தார், நட்டார். சர்க்கரை நோய் இருந்தது. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார்.

1997இல் நிலத்தின் சொந்தக்காரர் துரைராசு வழக்குப் போட்டார். தன் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிர் செய்கிறவரைத்தான் குத்தகைச் சட்டம் காக்கும். அம்மா விதவை, நோயாளி, ஒரே மகள் சென்னையில் படிக்கிறாள், ஆகவே கூலியாட்களை வைத்து மேற்பார்வை மட்டுமே பார்க்கிறார் என்றது மனு. கடைசி வரியைத் தவிர எல்லாம் உண்மை.

வருவாய் ஆய்வாளர் வயலை நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. எங்கள் வக்கீல் கோவிந்தராசு அம்மாவின் பாதங்களைப் பார்த்தார்.

"இந்தச் சேத்துப்புண்ணு போதும்மா. வரப்புல குடை புடிச்சு நிக்கிறவங்களுக்கு இது வராது. ஆர்.ஐ. வந்தா காட்டுங்க."

வேடிக்கையாகச் சொன்னதுதான். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

விரலிடுக்கு வெந்து, குதிகால் பிளந்திருந்தது. மற்ற ஆண்டுகளில் மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசுவார். அந்த ஐப்பசியில் பூசவில்லை. ஆய்வு மூன்று முறை தள்ளிப்போயிற்று. புண் ஆறத் தொடங்கிய போதெல்லாம் மறுபடி சேற்றில் இறங்கினார். தீபாவளிக்கு வந்த நான் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். நான் அப்போது நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு.

"ஆறிப்போச்சுன்னா அவரு வந்து என்னத்தடி பாப்பாரு? உன் மூஞ்சியவா?"

சிரித்தேன். சரி, அவர் வந்து போனதும் பூசிக்கொள் என்றேன். சொன்னது நான்தான்.

ஐப்பசிக் கடைசியில் ஆய்வாளர் வந்து போனார். அம்மா ஊர்த் தொலைபேசிக் கடையிலிருந்து விடுதிக்குப் பேசினார். விடிந்ததிலிருந்து வயலில் நின்றதாகவும், அவர் பதினொரு மணிக்கு வந்து வரப்பின் மேலே ஏறிவரச் சொன்னதாகவும் சொன்னார்.

"பாத்தாரு பாப்பா. காலை நல்லா குனிஞ்சு பாத்தாரு."

பத்து நாளில் காய்ச்சல். பிறகு இருமல். மார்பு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரம் விழுங்கினார். மெலிந்துகொண்டே போனார். சென்னைக்குக் கூட்டிவந்தேன். அவருடைய இரத்தத்தை எடுத்து எங்கள் துறையிலேயே கிருமி வளர்த்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் தட்டில் சுருக்கம் விழுந்த, உலர்ந்த புள்ளிகள். பேராசிரியர் இரண்டு முறை பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார். மெலியாய்டோசிஸ்.

அதன் பாக்டீரியா ஈரமான வயல்மண்ணில் வாழ்வது. பிளந்த தோல் போதும். சர்க்கரை உள்ள உடம்பு அதற்கு இன்னும் எளிது. அதன் மேற்பரப்பில் மெல்லிய இழைகளும் ஒட்டும் புரதங்களும் உண்டு. அவற்றால் செல்லின் மேலுள்ள மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. செல் தன் சவ்வை மடித்து, தானே அதை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்வதற்கான பை அது. பாக்டீரியா பையைக் கிழித்து வெளியே வருகிறது. செல்லைத் தாங்கும் புரதத்தையே கோத்து வாலாக்கி, அதன் உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் நுழைகிறது. இடையிலிருக்கும் சவ்வுகள் கலந்து பல செல்கள் ஒன்றாகிவிடுகின்றன. செல்களை விட்டு வெளியே வராததால் இரத்தத்தில் திரியும் எதிர்ப்புப் பொருள்களுக்கு அகப்படுவதில்லை. காசநோய் மாத்திரைக்கும் சாவதில்லை.

இதையெல்லாம் இன்று வகுப்பில் ஐம்பது நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சரியான ஊசி போட ஆரம்பித்த நான்காம் நாள் அம்மா இறந்தார். ஐம்பத்திரண்டு வயது.

பங்குனியில் கோவிந்தராசு ஆய்வு அறிக்கையின் நகலை அனுப்பினார். அரைப் பக்கம். வயலின் சர்வே எண், நான்கு எல்லை, பயிரின் உயரம் எல்லாம் இருந்தன. பாதங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வரி இது: 'பார்வையிட்டபோது எதிர்மனுதாரர் அம்சம் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.'

வழக்கு தோற்றது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருப்பதாக வக்கீல் எழுதியிருந்தார். வாரிசான நான் நிலத்தில் இறங்கி வேலை செய்யத் தயாரா என்றும் கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை.