ஒட்டுப்பால் உருண்டை

எழுபதுகளின் நடுவில் மலேசிய அரசாங்க ஊழியனான என்னைத் தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போவுக்கு மாற்றினார்கள். உத்தரவில் "பொதுநலன் கருதி" என்று இருந்தது. யாருடைய நலன் என்று கேட்பதற்கு வழிமுறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அரசாங்கக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தேன். பட்டியலில் எனக்கு முன்னால் இருந்தவர்களில் சிலர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்கள். வீடு வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தால்தான் பெயரை அடிக்க முடியும். ஓய்வு பெற்ற மனிதன் எழுதிக் கொடுப்பதற்காக அலுவலகம் வருவானா? ஆகவே வாடகை வீடு தேட வேண்டியதாயிற்று.

கிடைத்தது ஒரு துணிக்கடையின் மாடி. கடைக்காரர் வெள்ளைச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்ட மெலிந்த மனிதர். வாடிக்கையாளர் சீனராக இருந்தால் கண்டனீஸ் பேசினார், மலாய்க்காரராக இருந்தால் மலாய் பேசினார், என்னிடம் தமிழ் பேசினார். தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் ரப்பர்த் தோட்டத்து ஜனங்களிடம் கற்ற தமிழ், வாக்கியத்தின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு "லா"வும். வடக்கத்தி ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எந்த வடக்கு? நான் வளர்ந்த தோட்டத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே "பெங்காளி"தான். அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட வங்காளி இல்லை, எல்லாரும் பஞ்சாபிகள். இவருக்கோ தலைப்பாகை இல்லை, தாடி இல்லை. கேட்டேவிட்டேன்.

"நாங்க குஜராத்தி லா, சார். எங்க அப்பா கப்பல்ல பினாங்கு வந்தாரு. எனக்கு ஒரு அண்ணன் ஆப்பிரிக்காவுல இருக்காரு, ஒரு தங்கச்சி சிங்கப்பூர்ல. நான் இங்க."

நான் படித்த பூகோளத்தில் குஜராத் என்பது பருத்தி விளையும் இடம். அங்கிருந்து ஆட்கள் வந்து ஈப்போவில் கடை வைத்திருப்பார்கள் என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "மச்சம் கூடாது. மீன், கோழி, முட்டை, ஒண்ணும் மேல வரக்கூடாது. வெளியில சாப்பிடுங்க, நான் கேக்க மாட்டேன்." ஒப்புக்கொண்டேன். நிறைமாதமாக இருந்த என் மனைவியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன் என்பதை அவள் அன்று மாலையே எனக்கு விளக்கினாள்.

அவளுக்கு ஈப்போ பிடிக்கவில்லை. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தஞ்சோங் மாலிமில் குடியேறியதையே எனக்குச் செய்த சலுகையாக நினைத்தவள். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது, அதுவும் சீனத்தில். கீழே, கடைக்குப் பின்னால் வீட்டுக்காரர் குடும்பம். கூடத்தின் நடுவில் உத்திரத்திலிருந்து பித்தளைச் சங்கிலியில் பெரிய பலகை ஊஞ்சல் தொங்கியது. வீட்டுக்காரரின் மனைவி அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார், கணக்குக் கேட்பார், வேலைக்காரப் பெண்ணைத் திட்டுவார். எங்களுக்கு முதல் நாள் பருப்பு கொடுத்தனுப்பினார். அதில் வெல்லம் போட்டிருந்தது. என் மனைவி இரண்டாவது வாய் சாப்பிடவில்லை.

"பருப்புல போய் யாராச்சும் இனிப்பு போடுவாங்களா? இவங்கள நம்பி எப்படி இங்க இருக்கறது?"

ஒரு சமூகத்தையே பருப்பை வைத்து எடைபோடுவது சரியான நடைமுறை அல்ல என்றேன். அவள் பருப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

பெரிய மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிய என்னென்ன வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்பது தெரியவில்லை. அதற்காக ஆயர் தாவாரிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். மிஞ்சியிருந்த ரப்பர் நிரைகளில் அக்கா இன்னும் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம், மறு கையில் கூடைக்குள் உயிருள்ள நாட்டுக்கோழி.

கோழி கடை வாசலைத் தாண்டியபோது வீட்டுக்காரர் முழக்கோலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

அக்காவிடம் நிபந்தனையைச் சொன்னேன்.

"என்னா தம்பி பேசறீங்க? பச்ச ஒடம்புக்காரி. கோழிச்சாறு இல்லாம, கருவாடு இல்லாம எப்படிப் பால் சொரக்கும்? புள்ளைக்கு நீங்க ஆபீஸ் காகிதத்தக் கரைச்சுக் குடுப்பீங்களா?"

கோழியைச் சிலிபின் பகுதியில் குடியிருந்த என் சக ஊழியர் வீட்டில் கொடுத்துச் சாறு வைத்து வரலாம் என்று ஏற்பாடு செய்தேன். கோழி போனது. சாறு வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு அன்றைக்கென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம். அக்கா அன்றே முடிவு செய்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம பஸ்ல தங்கச்சியையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பாத்துக்கறேன்."

மனைவி குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் போனால், குடியிருப்பு கிடைத்த பிறகு வருகிறேன் என்பாள். குடியிருப்புப் பட்டியல் நகரும் வேகம் எனக்குத் தெரியும். என் மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அப்பாவோடு குடியிருக்க வருவாள். ஆனால் பிள்ளைப்பேறு விஷயத்தில் அக்காவின் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு கேட்க எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

கோழிக்கதை கீழே எட்டியிருக்க வேண்டும். மறுநாள் காலை வீட்டுக்காரரின் மனைவி ஒரு எவர்சில்வர் டப்பாவோடு மாடியேறி வந்தார். உள்ளே நெய் மணக்கும் உருண்டைகள். அவருக்குத் தமிழில் தெரிந்தது "அக்கா", "சாப்பிடு" என்ற இரண்டு சொற்கள்தான். மீதியைச் சந்தை மலாயில் சமாளித்தார். வெல்லம், சுக்கு, கொட்டைகள், இன்னும் ஏதோ ஒன்று. தினம் காலையில் ஒன்று தின்றால் முதுகெலும்புக்குப் பலம், பாலும் சுரக்கும். மனைவி ஒன்றைத் தின்றாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

அக்காவும் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பல்லில் ஒட்டிக்கொண்ட எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்பா இனி?" என்று கேட்டார். இது என்ன என்று மலாயில்.

வீட்டுக்காரரின் மனைவி சந்தோஷமாகக் கீழே ஓடிப்போய் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. மலாயில் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே நடித்துக் காட்டினார். ஒரு கையை மரம்போல் நிமிர்த்தினார். மறு கையால் பட்டையைக் கீறினார். கீறிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதை விரல்களால் காட்டினார். காய்ந்து கட்டியானதும் பிய்த்தெடுப்பதையும் காட்டினார்.

இருபது வருஷமாக விடியற்காலையில் அதையே செய்துவந்த பெண்ணுக்கு முன்னால் அவர் அப்படி நடித்துக் காட்டினார்.

அவர் இறங்கிப் போனதும் அக்கா டப்பாவை மூடினார். "ஒட்டுப்பால்" என்றார். வெட்டுக் காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர். தோட்டத்தில் அதைத் தனிச் சாக்கில் போட்டு நிறுத்துக் கொடுப்பார்கள். "பெத்தவளுக்கு ஒட்டுப்பால்ல உருண்டை புடிச்சுக் குடுக்கறாங்க, தம்பி. கொடல்ல போயி ஒட்டிக்கிட்டா என்னா செய்வீங்க?"

நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. கையில் ரப்பர் படாமல் வளர்ந்தவன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பருப்பில் வெல்லம் போடுகிறவர்கள் எதையும் செய்வார்கள் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. மாதிரி எடுத்து ரசாயன இலாகாவுக்கு அனுப்பலாம், மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அக்கா நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய், ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று மாலை கடையைத் தாண்டும்போது வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார்.

"சார், வாடகைக்கு ஆள் வரலாம், போகலாம். ஆனா பிள்ள பெத்த வூட்டுக்குக் குடுத்த பண்டம் திரும்பி வந்தது இல்ல லா. எங்க வூட்ல காலையிலேருந்து சாப்பிடல."

இப்படியாக, மனைவி போவாளா இருப்பாளா என்ற கேள்வியோடு, அவள் இருக்க விரும்பினாலும் இருக்க வீடு உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மாடிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா ஏற்கெனவே குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கடி போற? மாடிப்படி எறங்கக் கூடாது!"

"ஒட்டுப்பால்னா தீயில போட்டா நாறும். நானும் தோட்டத்துப் பொண்ணுதானக்கா, எனக்குத் தெரியாதா? வா, போட்டுப் பாப்போம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால் திட்டிக்கொண்டே அக்கா. அதற்குப் பின்னால் குழந்தையோடு நான். வீட்டுக்காரரின் மனைவி சமையலறையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பச்சை உடம்புக்காரி நிற்பதைக் கண்டு, பதறிப்போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். மனைவி போத்தலைச் சுட்டிக் காட்டினாள், பிறகு கரி அடுப்பை. சந்தேகம் என்ன என்பது அந்த அம்மாளுக்குப் புரிந்ததா தெரியாது. ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா அதை வாங்கித் தானே தணலில் போட்டார். குனிந்து மூக்கை நீட்டினார். ரப்பர் எரிந்தால் வரும் நாற்றத்தை அந்தத் தெருவில் அவரைவிட அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. கட்டி பொங்கியது, கறுத்தது. சர்க்கரை கருகும் வாசனை வந்தது. அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நாத்தத்தையே காணோம்" என்றார், ஏமாற்றத்தோடு.

வீட்டுக்காரரின் மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது. "கெத்தா?" என்று கேட்டார். ரப்பரா என்று. அக்கா தலையாட்டினார். அந்த அம்மாள் முதலில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாணலியில் நெய் விட்டார். நெய் காய்ந்ததும் ஒரு கைப்பிடி கட்டிகளைப் போட்டார். அவை படபடவென்று வெடித்துப் பொரிபோல வெள்ளையாகப் பூத்தன. ஒன்றை ஊதி ஆற்றி அக்காவின் வாயருகே கொண்டுபோனார்.

"சாப்பிடு, அக்கா."

அக்கா கடித்தார். மொறுமொறுவென்ற சத்தம் எனக்கே கேட்டது. இன்னொன்றைத் தானாகவே எடுத்தார். அது வேலமரத்துப் பிசின் என்று பிறகு வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். பம்பாயிலிருந்து வரவழைப்பதாம்.

ஈப்போவில் குஜராத்திகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது அதற்கு அடுத்த நாட்களில்தான். துணிக்கடைக்காரர் வீட்டில் ஒட்டுப்பால் உருண்டை கொடுத்தார்களாம் என்ற செய்தி பரவி, அந்த அக்காவைப் பார்க்கவென்றே பெண்கள் வந்தார்கள். மசாலாக் கடை வீட்டிலிருந்து, நகைக்கடை வீட்டிலிருந்து, நான் பல தடவை தாண்டிப்போயும் யாருடையது என்று யோசிக்காத வீடுகளிலிருந்து. ஆளுக்கொரு டப்பா. எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். எங்கள் மாடியில் உட்கார்ந்து, முந்தைய நாள் வந்தவளின் உருண்டையில் சுக்கு அதிகம் என்றோ நெய் மட்டம் என்றோ குறை சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் மரம் கீறுவதிலிருந்து தணலில் போட்டதுவரை நடித்துக் காட்டினார். ஒரு தடவைக்கு மறு தடவை தணலில் போட்ட கட்டி பெரிதாகிக்கொண்டே போனது.

கீழ்வீட்டார் தொடாத பூண்டு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோழிதானே கூடாது, பூண்டு செடிதானே என்று வாதாடி, மேல் அடுப்பில் பூண்டுக் குழம்பு வைத்தார். நிபந்தனையில் பூண்டு இல்லை என்பதை நானும் உறுதி செய்தேன். கீழேயிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. ஜன்னல் மட்டும் சாத்தப்பட்டது.

வியாழக்கிழமை மாலை அக்கா மடித்த துணிகளைக் கொண்டுவந்து மனைவியின் பக்கத்தில் வைத்தார். "என்னாடி செய்யப் போற? நாளைக்கு பஸ்ஸு."

மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் குடிக்கிறாக்கா" என்றாள். "நான் இங்கயே இருக்கேன். கீழ அந்தம்மா இருக்காங்க. இவர நம்பி இல்ல."

அந்தக் கடைசிச் சொற்களைத் திருத்தச் சொல்லி நான் விண்ணப்பிக்கவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கருவாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினார்.

"நான் திரும்பி வரப்போ அவ எளைச்சுப் போயிருந்தா, அந்தம்மாவக் கேக்க மாட்டேன் தம்பி. ஒங்களத்தான் கேப்பேன்!"

வீடு வந்தேன். மனைவி குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"அக்கா அழுதுச்சா?"

"இல்ல. என்னைத் திட்டிட்டுப் போனாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.